ஐந்து வருடமாகக் கிடங்கில் நின்ற 'புது' பைக்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு மாடலை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். 650 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். இனி கிடைக்காது என்று கைவிட்ட நேரத்தில் ஒரு விற்பனையாளரின் கிடங்கில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். இதுவரை யார் பெயரிலும் பதிவாகவில்லை. ஓடோமீட்டரில் 3 கிலோமீட்டர். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூட கிழிக்கப்படவில்லை.

"நாலு வருடமாக நிற்கிறது. பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறோம், மற்றதெல்லாம் புத்தம் புதுசு" என்கிறார்கள். அன்றைய பட்டியல் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொல்கிறார்கள். மனசு வாங்கு என்கிறது. புத்தி கொஞ்சம் பொறு என்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்சக்கரம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓடாத வண்டி, ஒரு பாகமும் தேய்ந்திருக்காது. நான் இரண்டு வருடம் ஷோரூமில் நின்ற வண்டியை இப்படித்தான் வாங்கினேன். 20,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், ஒரு குறையும் இல்லை. வேறு யாராவது தட்டிக்கொண்டு போவதற்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்.

பதினேழாம்நம்பர்

முன்சக்கரம் சொல்வதில் பாதி சரி. நின்ற வண்டியில் இரும்பு தேயாது. ஆனால் ரப்பருக்கும் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ஓடோமீட்டர் கணக்கு தெரியாது, அவை காலண்டரைப் பார்த்து வயதாகின்றன. இருபது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். ஓடித் தேய்ந்த வண்டியில் கோளாறு எங்கே என்று ஊகித்துவிடலாம். நின்று கெட்ட வண்டி அப்படியல்ல, ஒன்றை முடித்தால் இன்னொன்று எட்டிப் பார்க்கும்.

ஒரு சுலபமான வேலை செய்யுங்கள். அந்த மாடலின் உரிமையாளர் கையேட்டை எடுத்துப் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ' என்று இருக்கும். எல்லோரும் கிலோமீட்டர் பத்தியைப் பார்ப்போம். நீங்கள் மாதப் பத்தியை மட்டும் படியுங்கள். இன்ஜின் ஆயில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை. பிரேக் ஆயில் 2 வருடம். பல தயாரிப்பாளர்கள் ரப்பர் பிரேக் ஹோஸை 4 வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். கூலன்டுக்கும் தனியாகக் கெடு உண்டு. தயாரிப்பாளரின் சொந்தக் கணக்குப்படி அந்த 'புத்தம் புதிய' வண்டிக்கு எத்தனை சர்வீஸ் பாக்கி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுதான் உங்கள் பேரப் பட்டியல்.

அப்புறம், 'நாலு வருடம்' என்பதை அவர்கள் வாயால் சொன்னதற்காக நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2000க்குப் பிறகு வந்த எல்லா டயரிலும் இப்படித்தான். அதைப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள். சேஸ் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே முழுதாகப் போடாதீர்கள்.

நெடுவழி

நன்றி அண்ணா. அன்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டயரில் 4519, பின் டயரில் 4719. சேஸ் நம்பர் 17 எழுத்து, அதில் பத்தாவது எழுத்து L. இதற்கு என்ன அர்த்தம்?

பதினேழாம்நம்பர்

டயர்கள் இரண்டும் 2019ஆம் ஆண்டின் 45, 47ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை, அதாவது நவம்பர். சேஸ் நம்பரின் பத்தாவது இடத்தில் பல தயாரிப்பாளர்கள் மாடல் ஆண்டைக் குறிப்பார்கள். K என்றால் 2019, L என்றால் 2020, M என்றால் 2021. எல்லாத் தயாரிப்பாளர்களும் எல்லாச் சந்தைகளுக்கும் அப்படிப் போடுவதில்லை என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் உங்கள் விஷயத்தில் டயரும் எழுத்தும் ஒரே கதையைச் சொல்கின்றன. வண்டி 2020 ஆரம்பத்தில் பிறந்தது. அவர்கள் சொன்னது நாலு, உண்மையில் ஐந்து தாண்டிவிட்டது.

மழைக்கோட்டு

ஒரு வருடத்தை விழுங்கிவிட்டார்களா! மெய்யாகவே தெரியாமல்கூடச் சொல்லியிருக்கலாம், கிடங்கில் இருப்பவர்களுக்கு எது எப்போது வந்தது என்று ஞாபகம் இருக்காது. ஆனாலும் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து அந்த வண்டி விற்பனையாளருக்கு வந்த தேதியை எழுத்தில் கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஆறு வருடம் நின்ற ஒரு கார்புரேட்டர் (இன்ஜெக்‌ஷனுக்கு முன் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்த பாகம்) வண்டியை 'ஜீரோ கிலோமீட்டர்' என்று வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். வெளியே எடுத்து நாற்பது கிலோமீட்டர் தாண்டவில்லை, சிக்னலில் நிற்கும்போது காலில் ஈரம். குனிந்து பார்த்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில், காய்ந்துபோன பெட்ரோலின் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது, இன்ஜின் நிலையாக ஓடவில்லை. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அது முழுதாக அடைபட்டிருந்தது. அதையும் முடித்தால் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்) ஆயில் கசிவு. கடைசியாக முதல் மழையில் ஒரு வளைவில் பின்சக்கரம் என்னைவிட்டுத் தனியாகப் போகப் பார்த்தது. டயரில் கோடுகள் புதிதாகத்தான் இருந்தன, முடிகள்கூட உதிரவில்லை. ஆனால் நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது.

அன்றைக்கே டயரை மாற்றினேன். அந்த வண்டி இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் முதல் மூன்று மாதம் நான் அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம்.

முன்சக்கரம்

பயமுறுத்துகிறீர்கள். டயர் பத்து வருடம் வரை தாங்கும் என்று படித்திருக்கிறேன்.

பதினேழாம்நம்பர்

பத்து வருடம் என்பது உச்சவரம்பு தம்பி, உத்தரவாதம் இல்லை. பல டயர் நிறுவனங்கள் 5 வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்கின்றன. 10 ஆகிவிட்டால் கோடு தேயாமல் இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கின்றன. இருட்டில், குளிர்ச்சியில், காற்று சரியாக அடித்து வைத்த டயர் வேறு. காற்று இறங்கி ஒரே இடத்தில் எடையைத் தாங்கிக்கொண்டு நின்ற டயர் வேறு. நெடுவழியின் வண்டி எந்த ஸ்டாண்டில் நின்றது?

நெடுவழி

சைடு ஸ்டாண்டில், சுவரோரமாக. மேலே ஒரு கூரை ஜன்னல். இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். "சும்மா போட்டுவைக்கவில்லை, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அது நல்லதுதானே?

பதினேழாம்நம்பர்

அவர்கள் சொன்னதிலேயே எனக்குப் பிடிக்காத வரி இதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிட ஐட்லிங்கில் சைலன்சர் முழுதாகச் சூடாகாது, ஆவி உள்ளேயே தண்ணீராகி நிற்கும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிஸ்டன் ரிங் ஓரமாக இறங்கும் ஈரமும், எரியாத பெட்ரோலும் இன்ஜின் ஆயிலில் சேரும். ஆயில் சூடேறினால்தான் அவை ஆவியாகும், அந்தச் சூடு ஒருநாளும் வந்திருக்காது. பேட்டரியோ ஸ்டார்ட் செய்ய இழந்ததை ஐந்து நிமிடத்தில் திரும்பப் பெறாது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி.

முறையாக மூடிவைத்து, டேங்கை நிரப்பி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, பேட்டரியைக் கழற்றிவைத்து, தொடாமல் விட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். பெட்டியைப் பிரிக்காமலே நின்ற வண்டி என்றால் இன்னும் நல்லது. அப்படி வரும் சில மாடல்களில் பேட்டரி ஆசிட் தனிப் பொட்டலமாக இருக்கும், ஊற்றும் வரை பேட்டரிக்கு வயது அவ்வளவாக ஏறாது.

இதில் ஒரே ஆறுதல், அவர்கள் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். ஐந்து வருடம் மாதாமாதம் ஞாபகமாக ஸ்டார்ட் செய்யும் கிடங்கை நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்றவன்

பதினேழு சொன்ன கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன்.

விற்காத வண்டிகள் என்பது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹோண்டாவும் யமஹாவும் ஒன்றையொன்று வீழ்த்தப் போட்டி போட்டுப் புது மாடல்களை இறக்கின. சந்தை வாங்கக்கூடியதைவிட அதிகமாகச் செய்து அனுப்பினார்கள். அமெரிக்காவில் வண்டிகள் மலைபோலத் தேங்கின. 1983ல் அந்த நாட்டு அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்குப் பெரிய வரி போட்டது. ஜப்பானியர்கள் 750ஐ 700க்குக் கீழே குறைத்துப் புது மாடல் விட்டார்கள். பழைய 750 வண்டிகள் பெட்டி பிரிக்காமலே வருடக்கணக்கில் நின்று தள்ளுபடியில் போயின. வாங்கியவர்களில் பலருக்கு அது நல்ல பேரம்.

மாசு விதி மாறும்போதும் இதே கதை நடக்கும். ஐரோப்பாவில் 2021 ஜனவரியில் எல்லாப் புது வண்டிகளுக்கும் யூரோ 5 கட்டாயமானது. அப்படி ஒரு விதி மாறும்போது பழைய விதிப்படி செய்த வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய முடியாமல் போகலாம், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம். நெடுவழி, உங்கள் வண்டி 2020ஐச் சேர்ந்தது. இன்றைய தேதியில் அதைப் பதிவு செய்ய முடியுமா என்று பதிவு அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். விற்பவர் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டிவிட்டுப் பிறகு அலையாதீர்கள். மற்ற எல்லாக் குறையையும் ஸ்பேனர் சரிசெய்யும், இதைச் செய்யாது.

நெடுவழி

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே கேட்கிறேன்.

இரவுப்பயணி

ஒரு விற்பனைக் கடையின் சர்வீஸ் பிரிவில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு ரகசியம். விற்காமல் மூலையில் நிற்கும் வண்டி உறுப்பு தானம் செய்துகொண்டே இருக்கும். வாரண்டியில் வந்த வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்விட்ச் தேவை, பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றால், மூலையில் நிற்பதிலிருந்து கழற்றிப் போட்டுவிடுவார்கள். 'வந்ததும் திரும்ப மாட்டிவிடலாம்' என்று சொல்லிக்கொள்வோம். சில சமயம் மாட்டினோம். சில சமயம் பழுதான பழைய பாகமே அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

எனவே போல்ட் தலைகளைப் பாருங்கள். ஓடாத வண்டியில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கக்கூடாது. டூல் கிட், இரண்டாவது சாவி, கையேடு இருக்கின்றனவா? ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், ஒவ்வொரு ஸ்விட்ச்சும் வேலை செய்கிறதா?

இன்னொன்று வாரண்டி. இலக்கை எட்டுவதற்காகச் சில கடைகள் விற்காத வண்டியையே விற்றதாகக் கணினியில் பதிந்துவிடுவார்கள். அப்படியானால் உங்கள் வாரண்டி என்றோ ஓடி முடிந்திருக்கும். 'டெலிவரி எடுக்கும் நாளிலிருந்து' என்று எழுதி வாங்குங்கள், அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலும் சேஸ் நம்பர் சொல்லி உறுதிசெய்யுங்கள். அதே அழைப்பில், அந்த நம்பருக்கு ஏதாவது ரீகால் (குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வண்டி தூங்கிக்கொண்டிருந்தபோது வந்த ரீகால் அதற்குத் தெரிந்திருக்காது.

முன்சக்கரம்

இப்படி ஒவ்வொன்றாகத் துருவினால் அவர்கள் 'வேண்டாம் போ' என்று சொல்லிவிட மாட்டார்களா? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள்.

மழைக்கோட்டு

தானம் எங்கே வந்தது? காசு கொடுத்து வாங்கும் மாடு. பல்லை மட்டுமல்ல, வாலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து வருடமாக யாரும் வாங்காத வண்டி அது, அவர்களுக்குத்தான் அவசரம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பட்டியல் விலையிலிருந்து எத்தனை குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், அது அவர்கள் காட்டும் கண்கட்டு. அதே மாடல், அதே வருடம், சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடியது, ஒழுங்காகப் பராமரித்தது, ஒன்று என்ன விலைக்குப் போகிறது? அதோடு ஒப்பிடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் வாங்குபவர் 2020 மாடல் என்றுதான் விலை பேசுவார். கிடங்கில் தூங்கிய வருடங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

பதினேழாம்நம்பர்

நெடுவழி, போய்ப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள். முதலில் போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுரீரென்று ஏறும். ஊசிப்போனது பழைய வார்னிஷ் மாதிரி மந்தமாக நாறும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஃப்யூல் பம்ப் உட்கார்ந்திருப்பதும் அந்த அடியில்தான். டார்ச் அடித்து மூடியருகே மட்டும் பார்க்காமல் கடைசி மூலைவரை பாருங்கள்.

ஒரு மல்டிமீட்டர் கொண்டு போங்கள். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்டும். 12க்குக் கீழே வெகுநாள் கிடந்தது என்றால் சார்ஜ் ஏற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்து விட்டபின் சுலபமாகச் சுற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கான வரையறையே 155 டிகிரிதான். இறக்கத்தில் ஆயில் சூடேறிக் கொதித்து, பிரேக் லிவர் கைப்பிடிவரை வந்து ஒட்டும்போதுதான் இந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

முடிந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்திருக்கும், அந்த வழியாக ஈரக்காற்று போய்த் துரு வைக்கலாம். சுத்தமாக இருந்தால், சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கையால் நாலு சுற்றுச் சுற்றி, அதற்கப்புறம்தான் ஸ்டார்ட்டர் பட்டன். ஏர் ஃபில்ட்டர் இருக்கும் ஏர் பாக்ஸையும் திறக்க மறக்காதீர்கள். எலி அதைவிட நல்ல வீடு பார்க்காது.

நெடுவழி (ஒரு வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதலில் ஐயா சொன்னதைச் செய்தேன். பதிவு செய்யத் தடையில்லை என்று அலுவலகத்தில் எழுத்திலேயே கொடுத்தார்கள். வாரண்டியும் தொடங்கவில்லை, ஒரு ரீகால் மட்டும் பாக்கி, அதை அவர்களே செய்வார்கள்.

அப்புறம் மல்டிமீட்டரும் டார்ச்சுமாகப் போனேன். விற்பனை மேலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேட்டரி 9.8 வோல்ட். மாதாமாதம் ஸ்டார்ட் செய்த கதை அங்கேயே முடிந்துவிட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. டேங்க் மூடியருகே பளபளப்பு, அடிமூலையில் உள்ளங்கை அளவு பழுப்பு வளையம். பின்சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கிறது. டூல் கிட் இல்லை. போல்ட் தலைகளில் தழும்பு இல்லை. சிலிண்டர் இரண்டும் சுத்தம், கேமராவில் தொழிற்சாலையில் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. எலி இல்லை.

கையேட்டின் மாதப் பத்தியை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். சண்டையே போடவில்லை, அதை மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். பேட்டரி, எல்லா ஆயிலும், கூலன்ட், பிரேக் ஹோஸ், டேங்க் சுத்தம், பம்ப் ஃபில்ட்டர், காலிப்பர் வேலை, எல்லாம் அவர்கள் செலவு. டயருக்கு மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டார்கள். இரண்டு டயரின் விலையைக் கழித்துக்கொண்டு நான் வெளியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன், சரி என்றார்கள். வாரண்டி டெலிவரி நாளிலிருந்து என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

வாங்கிவிட்டேன்.

முன்சக்கரம்

வாழ்த்துகள்! நானாக இருந்தால் பேட்டரியோடு திருப்திப்பட்டு வந்திருப்பேன். என் வண்டியின் டயர் நம்பரை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் போய்ப் பார்த்தேன், அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பதினேழாம்நம்பர்

நல்ல வேலை. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபோர்க் குழாய்மேல் விரலை வைத்து ஒரு இழு இழுங்கள். காய்ந்த சீல் முதல் நாளே கசியாது, கொஞ்சம் வேலை கொடுத்தபிறகுதான் கசியும். செயினிலும் இறுகிய கண்ணி இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய டயரின் பழக்கத்தில் புது டயரை முதல் நாளே சாய்க்காதீர்கள்.

நெடுவழி (மூன்று வாரம் கழித்து)

அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. 260 கிலோமீட்டரில் இடது ஃபோர்க்கில் எண்ணெய் வளையம். முத்திரை வைத்த காகிதத்தைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் இரண்டு பக்கச் சீலையும் மாற்றிக் கொடுத்தார்கள். மற்றபடி வண்டி பிரமாதம். ஆறாவது கியரில் அந்த இரட்டைச் சிலிண்டர் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மழைக்கோட்டு

எல்லாம் சொன்னீர்கள், என்ன நிறம் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லையே?

நெடுவழி

நீலம். கூரை ஜன்னல் வெயில் பட்ட பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறிய நீலம். வலது பக்கமாக வந்து பார்த்தால் தெரியாது.